மாநாட்டை எந்த நாட்டில் வைப்பது?

[திரையில்: உலக வரைபடம்]

வணக்கம். சம்பளம் வாங்காமல் விக்கிப்பீடியா எழுதுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை கூடும் மாநாடு விக்கிமேனியா. இந்த மாதிரி மாநாட்டுக்கு நாடு தேடும்போது அரங்கம், ஹோட்டல், விமானக் கட்டணம் என்றுதான் பேச்சு ஓடும். என்னைக் கேட்டால், முதலில் விசாவைப் பார்க்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் விக்கிமேனியா போலந்தின் கட்டோவிட்சே நகரில் நடந்தது. அமெரிக்கர் பாஸ்போர்ட்டோடு கிளம்பிவிடலாம். இந்தியரோ நைஜீரியரோ ஷெங்கன் விசா, அதாவது போலந்து உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா, எடுக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது. வங்கிக் கணக்கு விவரம், வேலைச் சான்று, ஊர் திரும்புவார் என்பதற்கு அடையாளம் எல்லாம் கேட்பார்கள். கல்யாணமாகாத, வேலை தேடிக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் எதைக் காட்டுவான்? இத்தனைக்கும் அவன்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கட்டுரை திருத்துகிறவன்.

[திரையில்: பாஸ்போர்ட்டின் உள்பக்கம்]

சில கதவுகள் விண்ணப்பிக்கும் முன்பே மூடியிருக்கும். 2011-இல் இடம் இஸ்ரேலின் ஹைஃபா. அப்போது வங்கதேச, பாகிஸ்தான் பாஸ்போர்ட்டிலேயே ‘இஸ்ரேல் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் செல்லும்’ என்று அச்சடித்திருந்தது. லெபனான்காரர் போனால் சொந்த நாட்டில் வழக்கு.

சரி, விசா தளர்ந்த நாடாகப் பார்த்துப் போகலாமா? கென்யா 2024-இல் விசாவையே எடுத்துவிட்டு, இணையவழி முன்அனுமதி போதும் என்றது. 2025 விக்கிமேனியா நைரோபியில். ஆனால் அங்கே தன்பாலின உறவுக்குச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை. ஒருவருக்குத் திறந்த கதவு இன்னொருவருக்குப் பயம். சிங்கப்பூரில் மாநாடு நடந்தது 2023 ஆகஸ்டில். அங்கே இதே மாதிரிச் சட்டம் நீங்கியது அந்த ஜனவரியில்தான்!

ஆக, எல்லாருக்கும் நியாயமான நாடு என்று ஒன்று கிடையாது. ஓர் ஆண்டை மட்டும் வைத்து நியாயம் பார்க்காமல், ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெளியே நிற்பது அதே ஆட்களா?

அப்புறம், தேதியைச் சீக்கிரம் அறிவியுங்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். நேர்காணல் நாள் கிடைப்பதுதான் பாடு. விசா மறுக்கப்பட்டாலும் கட்டணத்தை மாநாட்டு நிதியிலிருந்து கொடுங்கள். வர முடியாதவர்கள் யார், எதனால் என்று ஒரு பட்டியல் எழுதி, அடுத்த இடம் தேடும் குழுவிடம் ஹோட்டல் விலைப்பட்டியலுக்கு முன்னால் அதைக் கொடுங்கள்.