தோற்றுப்போன கோட்பாட்டின் பெருமை

நேயர்களுக்கு வணக்கம்.

பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதை எதிர்த்து நின்று தோற்ற மாறாநிலைக் கோட்பாட்டைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

விண்மீன் திரள்கள் நம்மிடமிருந்து விலகிச் செல்கின்றன, தொலைவு கூடக் கூட வேகமும் கூடுகிறது என்று 1929இல் எட்வின் ஹபிள் காட்டினார். இந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால், பொருளெல்லாம் நெருங்கிக் கிடந்த ஒரு தொடக்கம் வருகிறது. பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர் அதைத்தான் சொன்னார். ஆனால் ஹபிளின் அளவுப்படி பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகள். பாறைகளின் கதிரியக்கத்தை வைத்துப் பார்த்தால் பூமிக்கு வயது அதைவிட அதிகம். தாயைவிட மகள் மூத்தவளாகிவிட்டாள்!

இந்தச் சிக்கலுக்கு 1948இல் பிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகிய மூவரும் ஒரு வழி சொன்னார்கள். பிரபஞ்சம் விரியட்டும், ஆனால் அதற்குத் தொடக்கமே இல்லை. திரள்கள் விலகும் இடைவெளியில் புதிய பருப்பொருள் மிக மெதுவாகத் தோன்றுகிறது. ஆகவே எந்தக் காலத்திலும் பிரபஞ்சம் ஒரே மாதிரி இருக்கும். நான் வியப்பது இந்தத் துணிச்சலைத்தான். ஒளி வந்து சேர நேரம் பிடிப்பதால், தொலைவில் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பது அல்லவா? அங்கே காட்சி வேறாக இருந்தால் கோட்பாடு அன்றே முடிந்தது. அவர்கள் தப்பிக்க வழி வைத்துக்கொள்ளவில்லை.

காட்சி வேறாகத்தான் இருந்தது. 1965இல் அமெரிக்க வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சை அறிவித்தார்கள். வெப்பநிலை சுமார் 3 கெல்வின், அதாவது ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். சூடான தொடக்கத்தின் மிச்சமாக இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று இயற்பியலாளர்கள் ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948இலேயே கணித்திருந்தார்கள். வயதுச் சிக்கலும் தொலைவுகளைத் திருத்தி அளந்ததும் தீர்ந்தது. இன்றைய கணக்கு சுமார் 1,380 கோடி ஆண்டுகள்.

ஆனால் ஹாயிலின் கோட்பாட்டில் பெருவெடிப்பு என்ற சூடான உலை இல்லாததால், தனிமங்கள் உருவாக வேறு உலை தேவைப்பட்டது. அதை அவர் விண்மீன்களுக்குள் தேடினார். கார்பன் அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தால்தான் விண்மீனில் போதுமான கார்பன் உண்டாகும் என்றார். சோதனைச்சாலையில் அந்த நிலை இருப்பது உறுதியானது. 1957இல் பர்பிட்ஜ் தம்பதியருடனும் ஃபௌலருடனும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, ஏனைய கனமான தனிமங்களும் எப்படி உருவாகின்றன என்பதை விளக்கியது. ஹைட்ரஜனும் பெரும்பகுதி ஹீலியமும் பெருவெடிப்பில் வந்தவை. நம் உடலின் கார்பனும் ஆக்சிஜனும் ஹாயில் காட்டிய உலைகளில் வெந்தவை.

நன்றி, வணக்கம்.