அமத்சியாவின் முக்கால் மனது

சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தாவீதைப் பற்றியும் தானியேலைப் பற்றியும் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவது நாம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒரு ராஜாவைப் பற்றி. அமத்சியா. 25 வயதில் யூதாவின் சிங்காசனத்தில் உட்கார்ந்து 29 வருஷம் அரசாண்டவன். 2 நாளாகமம் 25-ம் அதிகாரம் முழுக்க அவனுடைய கதைதான். அதன் இரண்டாம் வசனம் சொல்கிறது: அவன் கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழு மனதோடே அப்படிச் செய்யவில்லை.

இந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. அவன் கெட்டவன் என்று எழுதியிருந்தால் நாம் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடலாம், அது வேறு யாருக்கோ சொன்னது என்று. ஆனால் அவன் செய்தது சரியான காரியம். தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோதுகூட, பிள்ளைகள் தகப்பனுக்காகச் சாகக்கூடாது என்ற மோசேயின் நியாயப்பிரமாணத்தை நினைத்து, அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டான். அந்தக் காலத்து ராஜாக்களில் எத்தனை பேர் அப்படிச் செய்திருப்பார்கள்?

அப்புறம் ஏதோமியரோடு யுத்தம். தன்னிடம் இருந்த 3 லட்சம் பேர் போதாதென்று, பக்கத்து ராஜ்யமான இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் பேரை 100 தாலந்து (தாலந்து அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளிக்குக் கூலிக்குப் பிடிக்கிறான். தேவனுடைய மனுஷன் ஒருவர் வந்து, அவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதே, கர்த்தர் அவர்களோடே இல்லை என்கிறார். உடனே அமத்சியா கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள்: அப்படியானால் நான் கொடுத்த அந்த 100 தாலந்து என்ன ஆவது? கர்த்தர் அதைவிட அதிகமாகவே கொடுக்க முடியும் என்று பதில் வருகிறது. சரி என்று கூலிப்படையை அனுப்பிவிடுகிறான். கீழ்ப்படிந்தான், இல்லையென்று சொல்ல முடியாது. யுத்தத்திலும் ஜெயித்தான். ஜெயித்துத் திரும்பும்போது என்ன செய்தான் தெரியுமா? தோற்றுப்போன சேயீர் புத்திரரின், அதாவது அந்த ஏதோமியரின், தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, தனக்குத் தெய்வங்களாக நிறுத்தி, அவைகளுக்குத் தூபங்காட்டினான். தங்கள் சொந்த ஜனத்தையே காப்பாற்ற முடியாத தெய்வங்கள்! அதைத் தட்டிக்கேட்க வந்த தீர்க்கதரிசியையும் வாயடைத்து அனுப்பினான்.

அந்த மனது யுத்தக்களத்தில் கெட்டுப்போனது என்று நான் நினைக்கவில்லை. 100 தாலந்தைப் பற்றிக் கேட்டபோதே அது வெளியே வந்துவிட்டது. கீழ்ப்படிதல் ஒரு கையில், கணக்கு இன்னொரு கையில். கணக்கு வைத்துக்கொண்டு கர்த்தரைச் சேவிக்கிறவனுக்கு ஒருநாள் வேறு இடத்தில் லாபம் தெரிந்தால் அங்கேயும் போய் நிற்பான்.

நம்மில் பெரும்பாலானவர்கள் செம்மையானதைச் செய்கிறவர்கள்தான். ஆராதனைக்கு வருகிறோம், காணிக்கை கொடுக்கிறோம், பாடுகிறோம், உபவாச ஜெபம் என்றால் பெயர் கொடுக்கிறோம். அதில் தப்பு ஒன்றுமில்லை, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அதைப் பார்க்கிற கண்கள் இல்லாத இடத்திலும் நாம் அதே ஆட்களாக இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. மனுஷர் காணவேண்டும் என்று தர்மம் செய்கிறவர்களைக் குறித்து இயேசு சொன்னது கடுமையான வார்த்தை: அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது. அதாவது கணக்கு முடிந்துவிட்டது, இனி பிதாவினிடத்தில் வாங்குவதற்கு எதுவும் இல்லை.

இப்போது அப்போஸ்தலனாகிய பவுல் கொலோசெ பட்டணத்துச் சபைக்கு எழுதின நிருபத்துக்கு, கொலோசெயர் 3:23-க்கு வாருங்கள். "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்." அநேக வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கிற வசனம். இதைப் பவுல் யாருக்கு எழுதினார் என்று அதற்கு முந்தின வசனத்தைப் பார்த்தால் தெரியும். சபையில் இருந்த அடிமைகளுக்கு! பிரசங்கம் பண்ண மேடை கிடைக்காதவர்கள், சம்பளமோ பாராட்டோ எதிர்பார்க்க முடியாதவர்கள், தங்கள் நேரமே தங்களுக்குச் சொந்தமில்லாதவர்கள். அவர்களைப் பார்த்து, நீங்கள் கர்த்தராகிய கிறிஸ்துவைச் சேவிக்கிறீர்கள் என்கிறார். எஜமான்களையும் சும்மா விடவில்லை. உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், நீதியும் செவ்வையுமாக நடந்துகொள்ளுங்கள் என்று அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே எழுதுகிறார்.

இன்னொன்றும் உண்டு, இதை நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். அந்த நிருபத்தைக் கொலோசெ பட்டணத்துக்குக் கொண்டுபோனவர்கள் இரண்டு பேர், தீகிக்குவும் ஒநேசிமுவும். ஒநேசிமு, பிலேமோன் என்கிற ஒரு விசுவாசியின் வீட்டு அடிமை, எஜமானை விட்டுப் பிரிந்து போனவன், பவுல் காவலில் இருந்தபோது அவர் மூலமாக விசுவாசத்துக்கு வந்தவன். முன்னே உமக்குப் பிரயோஜனமில்லாதவன் என்று பவுலே பிலேமோனுக்கு எழுதுகிறார். அப்படிப்பட்டவன் எங்கே திரும்பிப் போகிறான் பாருங்கள். தன்னை நன்றாகத் தெரிந்த வீட்டுக்கு, தன் பழைய குறைகளெல்லாம் ஞாபகம் இருக்கிற ஆட்களின் நடுவே. முழு மனது என்றால் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும். நம்மை அறியாதவர்கள் முன்னால் பரிசுத்தவானாக இருப்பது சுலபம். வீட்டில் இருக்கிறவர்கள் முன்னால்தான் கஷ்டம்.

ஆகவே உங்கள் ஊழியம் எது என்று கேட்டு அலையாதீர்கள். மேலதிகாரி லீவில் இருக்கிற நாளிலும் அதே அக்கறையோடு முடிக்கிற வேலை ஊழியம். கடனாக வாங்கியதைத் தவணை தப்பாமல் திருப்பிக் கொடுப்பது ஊழியம். படுக்கையில் கிடக்கிற மாமியாரைத் துடைத்து உடுத்திவிடுகிற மருமகள் ஊழியம் செய்கிறாள், சபையில் யாருக்கும் அது தெரியாவிட்டாலும். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அம்மா, நீங்கள் களைத்துப்போகிறீர்கள், சில ராத்திரிகளில் ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது, உள்ளே எந்த உணர்ச்சியும் இல்லை, பக்தி குறைந்துவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். பயப்படாதீர்கள். உணர்ச்சி பொங்குகிறதா என்று கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன சீஷர்களைப் பார்த்து, ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது என்று சொன்னவர் அவர்.

முக்கால் மனதை முழு மனதாக்க என்ன வழி என்று கேட்டால், பெரிய தீர்மானம் எதையும் நான் சொல்லமாட்டேன். அமத்சியாவின் 100 தாலந்து போல நமக்குள்ளும் ஏதோ ஒன்று இருக்கும், கர்த்தர் பேசும்போதெல்லாம் இது என்ன ஆவது என்று கேட்கவைக்கிற ஒன்று. பணமாக இருக்கலாம், ஒரு பெயராக இருக்கலாம், மன்னிக்க மறுக்கிற ஒரு பழைய சண்டையாகவும் இருக்கலாம். அதன் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். சண்டையாக இருந்தால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இயேசு தெளிவாகவே சொல்லியிருக்கிறார். இந்தக் கூட்டம் முடிவதற்குமுன் யாருக்காவது எழுந்துபோய் ஒரு போன் பண்ணவேண்டும் என்று தோன்றினால், தாராளமாகப் போங்கள். நாங்கள் பாடிக்கொண்டிருப்போம்.