வெண்ணெய்க் கணக்கில் ஒரு பெண்

அவையோருக்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் உழுது பிழைத்த ஒரு கணவன் மனைவியின் குடும்ப வரலாற்றை எப்படித் தேடுவது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். தளபதிகளுக்கும் செல்வந்தர்களுக்கும் வரலாறு எழுத ஆள் இருந்தார்கள். உழவர் வீட்டைப் பற்றி எழுதிவைத்தவர்களோ பெரும்பாலும் வரி வசூலித்தவரும் பத்திரம் பதிந்தவரும்தான். அதனால் நிலம் போன வழியிலேயே நாமும் போகவேண்டும். அப்படிப் போனால் கணவர் சீக்கிரம் அகப்பட்டுவிடுவார். அந்த அம்மா யார், யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை.

எல்லோரும் முதலில் புரட்டுவது மக்கள்தொகைக் கணக்கை. 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை அங்கே கணக்கு எடுத்துவருகிறார்கள். ஆனால் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வயதுவாரிக் கட்டங்களில் வெறும் எண்கள். 1850இல்தான் அடிமைப்படாத ஒவ்வொருவருடைய பெயரும் ஏறியது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் முதன்முறையாகப் பெயரோடு பதிவானது 1870இல். ஆகவே கறுப்பின உழவர் குடும்பங்களைத் தேடுவோருக்கு அதற்கு முந்தைய பாதை இன்னும் கரடுமுரடானது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880இல்தான் வந்தது. 1850 ஏட்டில் ஆணின் பெயருக்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர் இருந்தால், உடனே மனைவி என்று எழுதிவிடாதீர்கள். தங்கையாக இருக்கலாம், விதவையான அண்ணியாகவும் இருக்கலாம். வயதையும் அப்படியே நம்பவேண்டாம். பத்தாண்டில் ஏழே வயது கூடிய பெண்களை ஏடுகளில் நிறையப் பார்க்கலாம்! 1890 கணக்கு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பகுதி சேதமாகி, மிச்சமும் பிறகு அழிக்கப்பட்டது.

சரி, இதே கணக்கெடுப்போடு இன்னொரு ஏடும் இருந்தது. 1850 முதல் 1880 வரை பண்ணைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். எத்தனை ஏக்கர் உழுத நிலம், எத்தனை குதிரை, எத்தனை கறவை மாடு, எவ்வளவு கம்பளி என்று எல்லாம் அதில் இருக்கும். மிகச் சிறிய பண்ணைகள் இதில் சேரவில்லை; 1850இல் ஆண்டுக்கு 100 டாலருக்குக் குறைவாக விளைந்திருந்தால் விட்டுவிட்டார்கள். இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்தது வெண்ணெய்க் கட்டம். ஆண்டுக்கு இத்தனை பவுண்டு வெண்ணெய் என்று கணவர் பெயருக்கு நேரே எழுதியிருக்கும். பல பண்ணைகளில் கறந்ததும் கடைந்ததும் வீட்டுப் பெண்கள். மனைவியின் பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லை, அவள் உழைப்பு மட்டும் பவுண்டுக் கணக்கில் நிற்கிறது. பக்கத்துப் பண்ணைகளின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் கடைந்தது வீட்டுத் தேவைக்கா, விற்பனைக்கா என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

அவள் பெயர் வருவது எங்கே? அவள் சம்மதம் சட்டத்துக்குத் தேவைப்பட்ட இடத்தில். கணவர் இறந்தால் அவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை அன்று பொதுவாக மனைவிக்கு இருந்தது. அதை அவள் விட்டுக்கொடுக்காமல் நிலத்தை வாங்கியவருக்கு நிம்மதி இல்லை. அதனால் பல மாநிலங்களில் பத்திரம் பதியும்போது அதிகாரி அவளைக் கணவரிடமிருந்து தனியே அழைத்து, விருப்பப்பட்டுத்தான் கையெழுத்திடுகிறாயா என்று கேட்கவேண்டியிருந்தது. எழுதத் தெரியாவிட்டால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றங்களில் விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை என்று இரண்டு இருக்கும். பலர் வாங்கிய பத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மனைவி இருப்பது விற்ற பத்திரத்தில். ஒரு பத்திரத்தில் மேரி, எட்டு ஆண்டு கழித்து சாரா என்றிருந்தால், இடையில் ஒரு மரணமும் மறுமணமும் நடந்திருக்கலாம் என்று உஷாராகிவிடவேண்டும்.

குடியேறுவோருக்கு அரசு நிலம் கொடுக்க 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை பெற்றவர்கள் ஐந்தாண்டு அங்கே குடியிருந்து பயிரிட்டதை நிரூபிக்கவேண்டியிருந்தது. அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டின் அளவும் பயிரிட்ட ஏக்கரும் பல கோப்புகளில் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் குடியுரிமைத் தாளும் இருக்கலாம். கணவர் பாதியில் இறந்தால் விதவை தொடர்ந்து முடிக்கலாம். அப்போது கோப்பு முழுவதும் அவள் பேச்சுதான். நிலமே இல்லாத குத்தகை உழவராக இருந்தால் குதிரைக்கும் மாட்டுக்கும் போட்ட வரிப் பட்டியலைப் பாருங்கள்.

கணவர் 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தவர் என்றால் விதவை ஓய்வூதியக் கோப்பைத் தேடாமல் விடாதீர்கள். திருமணத்துக்கும் பிள்ளைகளின் பிறப்புக்கும் சான்று கேட்டார்கள். பதிவேடு இல்லாத சில பெண்கள், பிறப்பு இறப்பு எழுதிவைத்திருந்த குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அது இன்னும் கோப்பில் இருக்கும்.

அப்புறம், அவளுடைய பிறந்த வீடு. இதற்கு நேர்வழி அரிது. கல்யாணமான புதிதில் பத்திரங்களுக்குச் சாட்சி போட்டவர்கள் யார், கணக்கு ஏட்டில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் யார் என்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். மச்சான்மார் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். பிள்ளைகளில் ஒருவருக்கு நடுப்பெயர் வித்தியாசமாக இருந்தால், அது தாயின் குடும்பப் பெயரா என்று பாருங்கள். அதே பெயருள்ள அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் இருந்தால், அவருடைய உயிலைத் தேடி எடுங்கள். "இன்னாரின் மனைவியான என் மகள் மேரிக்கு ஒரு பசு" என்ற மாதிரி ஒரு வரி அதில் இருந்துவிட்டால், திருமணப் பதிவேடு இருந்த நீதிமன்றமே எரிந்துபோயிருந்தாலும் கவலையில்லை.