பேட்டரியில் நண்டு வளை

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தப் பேச்சை நீங்கள் பழைய டிரான்சிஸ்டரில் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். இப்போது வேண்டாம், நான் பேசி முடித்த பிறகு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை இடதுபக்கம் கடைசிவரை திருப்புங்கள். 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு பேட்டரிக்கும் பெட்டிக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. அப்புறம் அதை ஒரு மாதம் அலமாரியில் போட்டு வைத்தாலும் கட்டை அப்படியே இருக்கும்.

கைப்பேசியில் அந்த 'டக்' கிடையாது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் திரை இருட்டாகிறது, அவ்வளவுதான். உள்ளே மெஷின் அணையவில்லை, தூங்கப் போயிருக்கிறது. ஒழுங்காகத் தூங்குகிறதா, கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. காலையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

கும்பகோணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 18 வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "சும்மா வச்சிருந்தாலே சார்ஜ் இறங்குதுங்க" என்று சொல்லாமல் ஒரு நாள் போனது கிடையாது. வருகிறவர்களில் பல பேர் ஏற்கெனவே ஒரு பேட்டரி மாற்றிவிட்டுத்தான் வருவார்கள். பேட்டரி மாற்றுவது எங்கள் தொழிலில் சுலபமான வேலை, கையில் உடனே காசு. அதனால் சொல்லத் தயங்கும் உண்மை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ராத்திரியில் இறங்கும் சார்ஜுக்குப் பேட்டரி காரணமாக இருப்பது குறைவு. நல்ல லித்தியம் பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைத்தால் ஒரு மாதத்துக்கே இரண்டு மூன்று சதவீதம்தான் தானாகக் குறையும். பழசாகிப்போன பேட்டரி பகலிலும் சீக்கிரம் தீரும். பகலில் நன்றாக ஓடி ராத்திரியில் மட்டும் இறங்கினால், யாரோ குடித்திருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் ஒரு நடத்துநர் அண்ணன் கடைக்கு வந்தார். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போகும் ஒரு தனியார் பேருந்தில் இருக்கிறார். கையில் டிக்கெட் மெஷின். ஆண்ட்ராய்டில் ஓடுவது; தலையில் சின்னதாக ஒரு பிரிண்டர், உள்ளே ஒரு சிம், 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி.

"தம்பி, ராத்திரி ஒன்பதரைக்கு 82 இருந்துச்சு. யாரும் தொடலை. காலையில நாலரைக்கு முதல் நடைக்கு எடுத்தா 40. நடுவழியில மெஷின் போயிடுது, பேனாவால எழுதிக் கொடுக்குறேன்."

இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டதாம். மெஷின் கொடுத்த கம்பெனியில் கேட்டால் மூன்றாவதையும் மாற்றச் சொல்கிறார்களாம்.

என் கடைப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தக் கணக்கைத்தான். 82-லிருந்து 40, அதாவது 42 சதவீதம். 5000-ல் அது 2100. ஒன்பதரையிலிருந்து நாலரை, 7 மணி நேரம். 2100-ஐ 7-ஆல் வகுத்தால் 300. சராசரியாக 300 மில்லி ஆம்பியர் இழுத்திருக்கிறது. திரை எரிய, சும்மா கையில் பிடித்திருக்கும்போதே அந்த மெஷின் 350-தான் இழுத்தது. ஒழுங்காகத் தூங்கினால் 5, மிஞ்சிப்போனால் 10 இழுக்கலாம். ஆகவே அது ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை. கவரைப் பிரிக்கும் முன்பே இவ்வளவு தெரிந்துவிட்டது, செலவு ஒரு பேனாவும் துண்டுச் சீட்டும்.

தூங்குகிற மெஷினுக்கு எதற்கு அந்த ஐந்து மில்லி ஆம்பியர் என்று கேட்கலாம். நினைவகத்துக்கு. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர வேண்டுமானால் ரேம் என்கிற நினைவகம் மறக்கக் கூடாது. ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்ற டைனமிக் ரேம்தான் இன்றைக்கும் ஏறக்குறைய எல்லாக் கைப்பேசியிலும் கணினியிலும். அதில் ஒவ்வொரு துளித் தகவலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்தேக்கியில் நிற்கிறது. அது ஓட்டைக் குடம், நிமிஷம்கூடத் தாங்காது. வழக்கமாக 64 மில்லி வினாடிக்குள் எல்லாக் குடத்தையும் ஒரு சுற்று நிரப்பிவிட வேண்டும். மெஷின் தூங்கும்போது ரேம் இந்த வேலையைத் தானே செய்துகொள்ளும். அதற்கும், பொத்தானை அழுத்தினால் எழுப்பிவிடும் சின்ன காவல் பகுதிக்கும், அழைப்பு வருகிறதா என்று காது கொடுக்கும் மோடத்துக்கும் சேர்த்துத்தான் அந்த ஐந்து, பத்து.

சரி, மெஷினுக்கு வருவோம். முதல் நாள் அதைக் கடையிலேயே வைத்துக்கொண்டேன். என் மானம் போயிற்று. 7 மணி நேரத்தில் 6 சதவீதம்தான் இறங்கியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வை, நான் ராத்திரி எதையோ கழற்றி மாற்றிவிட்டேன் என்பது போல இருந்தது.

வித்தியாசம் எங்கே என்று யோசித்தேன். என் கடை ஊருக்கு நடுவில், சிக்னல் முழுசாக இருக்கும். பேருந்து ராத்திரி நிற்கும் ஷெட் மன்னார்குடிக்கு வெளியே வயலோரம், சிக்னல் ஒரு கோடு வரும், போகும். இன்னொன்று, என் கடையில் அது டிக்கெட் எதுவும் அடிக்கவில்லை. அண்ணனிடமே வலங்கைமானுக்கு ஒரு டிக்கெட் போடச் சொன்னேன், காசு நான் கொடுத்தேன். டிக்கெட் வெளியே வருவதற்குள் சிம்மைக் கழற்றியிருந்தேன். பிறகு சிம்மைப் போட்டு, மெஷினை வீட்டிலிருந்து சாப்பாடு வரும் எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடினேன். மூடிய எவர்சில்வருக்குள் சிக்னல் சரியாக நுழையாது, கடையே மன்னார்குடி ஷெட் ஆகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் மெஷின் சூடாக இருந்தது. 6 சதவீதம் இறங்கியிருந்தது. 300 மில்லி ஆம்பியர், அதே கணக்கு.

கணினியில் இணைத்து பேட்டரிப் பதிவைப் பார்த்தால் திருடன் பெயர் எழுதியே இருந்தது. டிக்கெட் ஆப், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய முழு நேரமும் 'வேக் லாக்' பிடித்து வைத்திருந்தது. வேக் லாக் என்றால், "எனக்கு வேலை முடியவில்லை, நீ தூங்காதே" என்று ஒரு ஆப் பிராசஸரைப் பிடித்து நிறுத்துவது. இது குற்றமில்லை. திரை இருண்ட பிறகும் பாட்டு பாடிக்கொண்டிருக்கிறதே, அது இதனால்தான். வேலை முடிந்ததும் கையை எடுக்க வேண்டும். இந்த ஆப், அன்றைய கணக்கை சர்வருக்கு அனுப்பும்வரை கையை எடுப்பதில்லை. சிக்னல் இல்லை, கணக்கு போகவில்லை. பத்து விநாடிக்கு ஒரு தடவை மறுபடி, மறுபடி. சிக்னல் குறைந்த இடத்தில் மோடம் குரலை உயர்த்திக் கத்த வேண்டும், அதற்கும் மின்சாரம்.

இதைத் தடுக்க 2015-லேயே ஆண்ட்ராய்டு 6-ல் 'டோஸ்' என்று ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. நம் டெல்டாக்காரர்களுக்கு அதைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம்: முறைப்பாசனம். மெஷின் ஆடாமல் அசையாமல், திரை இருண்டு, சார்ஜரும் இல்லாமல் கிடந்தால், நினைத்த நேரத்தில் நெட்டைத் தொட எந்த ஆப்புக்கும் உரிமை இல்லை. முறை வரும்போது எல்லோருக்கும் சேர்த்து மடை திறப்பார்கள், அப்போது வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். நேரம் போகப் போக முறைக்கும் முறைக்கும் இடைவெளி கூடும். ஆனால் செட்டிங்கில் 'பேட்டரி சிக்கனம் வேண்டாம்' என்று ஒரு ஆப்புக்கு விலக்கு கொடுத்துவிட்டால், அதற்கு முறை கிடையாது. இந்த டிக்கெட் ஆப்புக்கு அந்த விலக்கைக் கொடுத்துத்தான் மெஷினையே தந்திருந்தார்கள். மடைக்குப் பக்கத்து வயல்காரனிடமே ஷட்டர் சாவியைக் கொடுத்த கதை.

விலக்கை எடுத்தேன். கம்பெனிக்கு இரண்டு பக்கத்துக்கு விவரமாக எழுதி, கணக்கு போகாமல் தோற்கத் தோற்க அடுத்த முயற்சிக்கான இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள், பத்து விநாடி, ஒரு நிமிஷம், பத்து நிமிஷம் என்று, என அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். புதுப் பதிப்பு வர மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை ராத்திரியில் ஏரோபிளேன் மோடு.

வேறு யாராவது என்றால் இங்கே நிறுத்தியிருப்பார்கள். எனக்கு என் கடையில் இறங்கிய அந்த 6 சதவீதம் உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே சிக்னலும் இருந்தது, அனுப்பக் கணக்கும் இல்லை. அப்படியும் 300 மில்லி ஆம்பியர்-மணி, 7 மணி நேரம், மணிக்கு 43. ஐந்துக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் இன்னொரு ஓட்டை.

என் அப்பா வலங்கைமான் பக்கம் விவசாயி. மடையை அடைத்து மண்ணும் அணைத்துவிட்டு வருவார். ராத்திரி சாப்பிட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி வயலுக்குப் போவார். மடைதான் அடைத்தாயிற்றே என்று நான் கேட்டால், நண்டு மடை வழியாகவா போகும் என்பார். வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும். விடிவதற்குள் பாதித் தண்ணீர் பக்கத்து வயலில் இருக்கும். டார்ச் சும்மா பேச்சுக்குத்தான். வெறுங்காலோடு வரப்போரம் நடப்பார். கால் விரலிடுக்கில் தண்ணீர் சில்லென்று ஓடும் இடத்தில் நின்று குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி அப்புவார்.

மெஷினைப் பிரித்தேன். பேட்டரியை எடுத்துவிட்டு டிசி பவர் சப்ளையில் 4 வோல்ட் வைத்து இணைத்தேன். வீட்டில் மல்டிமீட்டரை நடுவில் போட்டு இதைச் செய்து பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: மில்லி ஆம்பியர் துளையில் முனையைச் செருகாதீர்கள். மெஷின் விழிக்கும் நொடியில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். போகாவிட்டாலும் மீட்டருக்குள்ளேயே வோல்ட் விழுந்து மெஷின் அணைந்துவிடும். 10 ஆம்பியர் துளையில் போடுங்கள்.

திரையை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். எண் 300, 120, 60 என்று இறங்கி 43-ல் நின்றது. இங்கேதான் பார்க்கப் பழக வேண்டும். எண் அடிக்கடி 200-க்கு எகிறி எகிறி விழுந்தால், யாரோ எழுப்புகிறார்கள். அது மென்பொருள், அல்லது ஏதாவது ஒரு சென்சார். எகிறாமல் ஒரே எண்ணில் ஆணி அடித்தது போல நின்றால், அது போர்டில் கசிவு. 43 அசையவில்லை.

கசிவைத் தேட, பற்றவைக்கும்போது பயன்படுத்தும் ரோசின் பிசினின் புகையைப் போர்டில் காட்டுவது எங்கள் வழக்கம். புகை வெள்ளையாகப் படியும். சூடாகும் பாகத்தின் மேல் மட்டும் உருகிக் கண்ணாடி போலாகும். ஆனால் 40 மில்லி ஆம்பியர் கொடுக்கும் சூட்டுக்கு அது உருகாது. அதனால் அப்பா வழிதான். பாகங்களைப் போர்டோடு இணைக்கும் பட்டை வயரை, ஃபிளெக்ஸ் என்போம், ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கேமரா, 43. ஸ்பீக்கர், 43. பிரிண்டர் போர்டு, சட்டென்று 7.

பிரிண்டர் போர்டில்தான் சார்ஜிங் பின்களும் இருந்தன. லென்ஸுக்குக் கீழே வைத்தால் பேட்டரி பின்னுக்கும் அடுத்திருந்த கிரவுண்ட் பின்னுக்கும் நடுவில் பச்சைப் பாசி, மயிர் தடிமன்கூட இல்லை. மழை நாளில் படிக்கட்டில் நின்று டிக்கெட் கொடுப்பவர் கை. மழைத் தண்ணீரும் வியர்வை உப்பும் சேர்ந்து செம்பைத் தின்றிருக்கிறது. ஐபிஏ என்கிற, சுத்தம் செய்யும் ஆல்கஹால் விட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சூடு காட்டி உலர்த்தி மாட்டினேன். 7.

எல்லா மெஷினும் இப்படி அடங்கி வராது. தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் ஓடும் கையடக்க கேம் மெஷின் கொண்டுவந்தான். தூங்கவைத்துப் பைக்குள் போட்டால் கொதிக்கிறதாம். இந்தப் புது மெஷின்களின் தூக்கம் வேறு தினுசு. பிராசஸர் முழுதாக அணைவதில்லை, எல்லாப் பாகமும் அடங்கினால்தான் ஆழமான தூக்கத்துக்குள் போகும். ஒரு வைஃபை சிப், ஒரு மெமரி கார்டு அடம் பிடித்தால் போதும். ஒரே அறையில் படுத்த குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை அழுவது போல, மொத்த வீடும் விழித்திருக்கும். இவன் மெஷினில் விஷயம் அதைவிடச் சின்னது: பைக்குள் நோட்டுப்புத்தகம் பொத்தானை அமுக்கி எழுப்பிக்கொண்டே இருந்தது. எதெது எழுப்பலாம் என்று ஒரு பட்டியல் லினக்ஸில் உண்டு. பவர் பொத்தான் தவிர மற்றவற்றுக்கு அனுமதியை எடுத்துவிட்டான், நானும் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டேன்.

மீட்டர் இல்லாத நேயர்கள் மூன்று ராத்திரி செலவழித்தால் போதும். முதல் ராத்திரி வழக்கம் போல வைத்து, படுக்கும்போதும் எழும்போதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ராத்திரி ஏரோபிளேன் மோடு. இறக்கம் நின்றுவிட்டால் சிக்னலோ நெட்டைத் தேடும் ஆப்போ. நிற்காவிட்டால் மூன்றாம் ராத்திரி முழுக்க அணைத்து வையுங்கள். அணைத்த மெஷினிலும் ஐந்து பத்து சதவீதம் இறங்கினால் போர்டையோ பேட்டரியையோ பார்க்க வேண்டியதுதான், கடைக்கு எடுத்துப் போங்கள். இறங்காவிட்டால் ஆப், செட்டிங்கில் தேடுங்கள். சும்மா பேட்டரி மாற்றச் சொன்னால் முதலில் அந்த மூன்று எண்ணையும் கடைக்காரர் முன்னால் வையுங்கள். எங்கள் ஆட்கள் கொஞ்சம் முறைப்பார்கள், பரவாயில்லை.

நடத்துநர் அண்ணனின் மெஷின் இப்போது ராத்திரியில் ஒரு சதவீதம் இறங்குகிறது. அவருடைய சொந்தக் கைப்பேசிதான் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. முதல் ராத்திரி 19 இறங்கியது, ஏரோபிளேன் மோடில் 17. இன்றைக்கு மூன்றாம் ராத்திரி, அணைத்து வைத்துவிட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் நடை கும்பகோணம் வந்து சேர்ந்ததும் எண்ணைச் சொல்வார்.

வணக்கம்.