ஜீப் வாங்கிவிட்டேன் மக்களே: போடிமெட்டுக்கு அம்மாவோடு முதல் பயணம்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் வளைந்து வளைந்து இறங்குகிறதே, அதுதான் போடிமெட்டு மலைப்பாதை. கீழே புகை மூட்டத்துக்குள் இருப்பது எங்கள் போடி. மணி காலை ஏழரை. காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, சத்தம் விட்டு விட்டுக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைத் திருப்புகிறேன். இதோ, பாருங்கள். ஜீப். மஹிந்திரா எம்.எம். 540, 1996 மாடல். என் பெயருக்கு மாறி இன்றைக்குப் பதினொரு நாள் ஆகிறது. முன் பம்பரில் சின்ன நசுங்கல் இருக்கிறது, அதை நான் எடுக்கப் போவதில்லை.

இந்த சேனலை முதலிலிருந்து பார்ப்பவர்களுக்கு என் உடம்பு விஷயம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு இடது விலாவுக்குக் கீழே ஏதோ கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். நான் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்குப் பார்க்கிறேன். மூட்டை தூக்குகிற வேலை கிடையாது. ஆனாலும் சாயந்திரம் ஆனால் எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது. ஒரு டாக்டர் வாயுக் கோளாறு என்று சொல்லி நாலு மாதம் மாத்திரை கொடுத்தார். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை முதலிலேயே எழுதியிருக்கலாம். கடைசியில் என் மனைவிதான் பிடிவாதமாக லேபுக்குக் கூட்டிப்போனாள். வெள்ளை அணுக்கள் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும். எனக்கு 1,92,000.

மதுரையில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டு சி.எம்.எல். என்றார்கள். ரத்தப் புற்றுநோயில் மெதுவாக வளரும் வகை. நம் உடம்பில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் ஒரு துண்டை மாற்றிக்கொண்டுவிடுகின்றன. அதனால் ஒரு தப்பான புரதம் உருவாகி, வெள்ளை அணுக்களைப் பெருக்கு, பெருக்கு என்று விரட்டிக்கொண்டே இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஆக்சிலரேட்டர் வயர் சிக்கிக்கொண்ட மாதிரி. மண்ணீரல் வீங்கியதுதான் எனக்கு அந்தக் கல் பாரம். மாத்திரையின் பெயர் இமாட்டினிப். 400 மில்லிகிராம், தினம் ஒன்று. சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துப் போட வேண்டும். ஒரு நாள்கூட நாமாக நிறுத்தக் கூடாது.

இந்த மாத்திரை 2001இல்தான் சந்தைக்கு வந்தது. முதலில் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் கம்பெனியின் மருந்து அப்போது இங்கே மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் அதையே எட்டாயிரம், பத்தாயிரத்துக்குச் செய்துகொண்டிருந்தன. காப்புரிமை வேண்டும் என்று நோவார்ட்டிஸ் போட்ட வழக்கை, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தேதி எனக்கு மனப்பாடம். கணக்கு எழுதிப் பிழைக்கிற ஒருவன் மாதா மாதம் இந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு இங்கே நின்று பேச முடிகிறது என்றால், அந்தத் தீர்ப்புக்கு அதில் பங்கு இருக்கிறது.

சரி, இப்போது ஜீப்.

நோய் என்று சொன்ன அன்றைக்கு நான் ஜீப் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதபோது மனசு மகளின் பள்ளிக்கூடத்தையும் வீட்டு வாடகையையும் மட்டும்தான் சுற்றியது. அந்த மாறிப்போன மரபணு ரத்தத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை எடுப்பார்கள், எண் இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு. 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மருந்து நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம். ஒன்றரை வருடம் கழித்து எனக்கு 0.08 வந்தது. டாக்டரம்மா அந்தத் தாளை மேசையில் வைத்து, "மாத்திரையை விடாமல் போட்டால் உங்க பொண்ணு கல்யாணத்துல நீங்கதான் பந்தி விசாரிக்கணும்" என்றார். பஸ்ஸில் ஆண்டிபட்டி தாண்டும்போது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஜீப்தான்.

சொந்தக்காரர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள். சாகப் போகிறவன், ஆசையைத் தீர்த்துக்கொள்கிறான் என்று ஒரு பெரியப்பாவே வீட்டு வாசலில் நின்று சொன்னார். பெரியப்பா, நீங்கள் இதைப் பார்த்தால், நான் கோபமாக இல்லை. இருக்கப் போகிறேன் என்று தெரிந்த பிறகுதான் நான் வாங்கினேன்.

ஏன் ஜீப், ஒரு சின்ன கார் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு ஜீப் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1956இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளம், பீருமேடு எல்லாம் கேரளாவோடேயே நின்றுவிட்டது. எல்லைக்கோடு போடிமெட்டிலேயே இருந்தது. ஏலத்தோட்டம் அந்தப் பக்கம், வேலைக்குப் போகிற கை இந்தப் பக்கம். போடி, கம்பம் பக்கத்து ஜனங்கள் விடியும் முன்னால் ஜீப் ஏறி, மலையில் வேலை பார்த்துவிட்டு, இருட்டும்போது இறங்குவார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

என் அம்மா இருபத்திரண்டு வருடம் அப்படிப் போனார். அப்பா நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே இறந்துவிட்டார். காலை நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு தெருமுனையில் நிற்பார். ஜீப் வரும். முன் சீட்டில் டிரைவரோடு கங்காணியும் அவருக்கு வேண்டிய ஆட்களும். பெண்கள் எல்லோரும் பின்னால், படுதாவுக்குள், ஒருவர் மடியில் ஒருவர் மாதிரி பதினைந்து பேருக்கு மேல். மலையடிவாரத்தில் இருக்கிற முந்தல் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவு. பின்னால் இருப்பவர்களுக்கு மலை தெரியாது, வளைவு மட்டும் வயிற்றில் தெரியும். இப்படி ஆளை அடைத்துப் போய்க் கவிழ்ந்த ஜீப்கள் உண்டு. சாயந்திரம் நேரமானால் தெருவே வாசலில் நிற்கும்.

ஏலக்காய் மரத்தில் காய்க்காது. செடியின் அடித்தூரில், தரையோடு ஓடுகிற சரத்தில் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை. அம்மா வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது கணுக்காலில் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும். நான் தண்ணீர் ஊற்றுவேன். அப்போது ஒருநாள் சொன்னேனாம், நான் பெரியவனானதும் ஜீப் வாங்கி உன்னை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவேன் என்று. எனக்கு அது ஞாபகம் இல்லை. அம்மாவுக்கு இருந்திருக்கிறது.

முதலில் மஹிந்திராவின் புது தார் ஜீப் வாங்கலாமா என்று பார்த்தேன். கடன் இல்லாமல் முடியாது. கடனோடு ஒரு காப்பீடு எடுக்கச் சொன்னார்கள், அதில் உடல்நிலை பற்றி உறுதிமொழி எழுதித் தர வேண்டும். மறைத்து எழுதிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். பின்னால் ஏதாவது ஆனால், மறைத்தது தெரிந்து பணம் நின்றுவிடும், கடன் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால் கடனே வேண்டாம் என்று முடிவு செய்தேன். சீட்டுப் பணமும் சேமிப்புமாக இருந்ததில் முதலில் இரண்டு வருடத்து மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் தனியாக எடுத்து, தபால் ஆபீஸில் மனைவியோடு சேர்த்து ஜாயின்ட் கணக்கில் போட்டேன். மீதியில்தான் ஜீப். மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.

கேரளாவில் ராஜகுமாரி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு அச்சாயன், அதாவது மலையாளக் கிறிஸ்தவர், வீட்டில் நின்றிருந்தது. கே.எல். 6, இடுக்கி வண்டி. அவரே ஏலத்தோட்டக்காரர், தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டியிருக்கிறார். நான் என் ஸ்கூல் நண்பன், மெக்கானிக், அவனைக் கூட்டிப்போனேன். இதில் இருப்பது பியூஜோ டீசல் எஞ்சின், 2112 சி.சி. எஞ்சின் சூடாகாமல் இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டான். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்தான். அப்புறம் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் அடியில் படுத்து, சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போனான். துரு பிடித்த இடம் மந்தமாகக் கேட்கும், நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும். நானும் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். என்னையும் இப்படித்தானே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்கிறார்கள்.

பழைய ஜீப் வாங்குகிறவர்கள் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறைய ஜீப்களில் எஞ்சின் மாற்றியிருப்பார்கள், அது ஆர்.சி.யில் ஏறியிருக்காது. வேறு மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, அதுதான் என்.ஓ.சி., படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. இங்கே வரி கட்டி டி.என். 60 நம்பர் வாங்க வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் முடிகிற காரியம்.

ஒரு விஷயம் மட்டும் நின்று சொல்கிறேன். 2021இலிருந்து ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்கலாம். வண்டிக்காரர் இறந்துபோனால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்தால் நாமினி பெயருக்கு மாறிவிடும். வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிற வேலை இல்லை. நான் வீட்டில் லேப்டாப்பில் அந்தக் கட்டத்துக்கு வந்து நின்றேன். மனைவி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உன் பெயர் போடவா?" என்றேன். பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முதல்ல எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க, அப்புறம் போடுங்க" என்றாள். பெயரைப் போட்டுவிட்டேன். ஓட்டவும் கற்றுக்கொண்டிருக்கிறாள், போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கியர் வரை வந்துவிட்டாள்.

இந்த மாத்திரைக்குப் பக்கவிளைவு உண்டு. காலையில் கண் இமை வீங்கும், இப்போதுகூட உங்களுக்குத் தெரியும். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். 540இன் கிளட்ச் நல்ல கனம். அதனால் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். ஓட்டலாம், தலைசுற்றலோ பார்வை மங்கலோ இருக்கிற நாளில் சாவியைத் தொடக் கூடாது என்றார். கால் இழுத்துப் பிடித்த ராத்திரிக்கு மறுநாள் நான் மலை ஏறுவதில்லை. அது நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு.

இன்றைக்குக் காலை அஞ்சரைக்குக் கிளம்பினோம். ஜீப்பைத் தெருமுனையில், அம்மா முன்பு நிற்பாரே, அதே இடத்தில் நிறுத்தினேன். அம்மா தலைக்குத் துண்டு கட்டி, கையில் தூக்குவாளியோடு வந்தார். ஒன்றும் பேசாமல் நேராகப் பின்னால் போய், படியில் காலை வைத்து, கம்பியைப் பிடித்துவிட்டார். பழக்கம். நான் இறங்கிப் போய், "அம்மா, முன்னாடி வாம்மா" என்றேன். கம்பியை விடாமல் என்னைப் பார்த்தார். "முன்னாடி யாரு வர்றா?" என்று கேட்டார். "நீதாம்மா" என்றேன்.

வழி முழுக்கப் பேசவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வளைவோ பத்தாவது வளைவோ, "இங்கிட்டு இவ்வளவு பள்ளமா?" என்றார். இருபத்திரண்டு வருடம் போய் வந்த பாதை.

அடுத்து சாந்தன்பாறைக்குப் போகிறோம். அம்மா வேலை பார்த்த தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். அதோ டீக்கடையிலிருந்து வருகிறார், பாருங்கள். கையில் தண்ணீர் பாட்டிலும் என் மாத்திரை டப்பாவும். இட்லி சாப்பிட்டாச்சு, மாத்திரை இன்னும் போடவில்லை. சரி மக்களே, கேமராவை அணைக்கிறேன். அம்மா முன் கதவைத் திறந்துகொண்டு கூப்பிடுகிறார்.