நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட சில்வியா

நேயர்களுக்கு வணக்கம். புயல் வந்தால் டிவிக்காரர்கள் எல்லாரும் போய் நிற்கும் நுங்கம்பாக்கம் வானிலை மையம் உங்களுக்குத் தெரியும். அந்த வளாகத்தில்தான் ஒரு காலத்தில் மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. நட்சத்திரம் பார்க்கும் வேலை 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பதில் எனக்குப் பிடித்தது 1792-ஆம் ஆண்டுக் கருங்கல் தூண், சுமார் 15 அடி உயரம், 10 டன் எடை, தமிழ் எழுத்தும் உண்டு. அதில் பொறித்திருப்பது என்ன தெரியுமா? ஆசியாவில் கணித சாஸ்திரத்தை முதன்முதலாக நட்டது பிரிட்டிஷ் தாராள மனசுதான் என்று ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஆரியபட்டர் காதில் விழாமல் படித்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1861-இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் இங்கே பொறுப்பேற்றார், அதே வருஷம் ஏப்ரலில் ஒரு சிறுகோளை, அதாவது சூரியனைச் சுற்றும் சின்னப் பாறைக் கோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் பெயரும் ஆசியா. ஆனால் நான் பேச வந்தது 1866 மே 16 அன்று அவர் பிடித்த சில்வியா என்ற சிறுகோளைப் பற்றி.

மே 16 என்றால் கத்திரி வெயில் காலம். மின்விசிறி கிடையாது, போட்டோ எடுத்துச் சிறுகோள் தேடும் வழக்கமும் அன்றைக்கு வரவில்லை. வரைபடத்தில் இருக்கும் நட்சத்திரங்களையும் தொலைநோக்கியில் தெரிவதையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும், வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த ராத்திரி அது இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குள் மேகம் வந்தால் போச்சு. மாறினாலும் எவ்வளவு மாறும்? ஒரு நாளில் முழு நிலாவின் அகலத்தில் பாதிகூட இருக்காது. அதைக் கண்ணாலேயே பார்த்துப் பிடித்தார்கள், திரும்பவும் சொல்கிறேன், தொலைநோக்கியும் கண்ணும் பொறுமையும்தான்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் சிறுகோள் பட்டையின் வெளிவிளிம்பில், சூரியனிலிருந்து ஏறக்குறைய 52 கோடி கிலோமீட்டரில் சில்வியா சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஆறரை வருஷம். ஆனால் தன்னைத்தானே 5 மணி 11 நிமிஷத்தில் சுற்றிவிடும், அந்த உடம்புக்கு நல்ல வேகம்தான். உருண்டை என்று நினைக்காதீர்கள், நீளவாக்கில் 350 கிலோமீட்டருக்கு மேல், குறுக்கே அதைவிட ரொம்பக் குறைவு, நிறம் கரிய நிறம்.

2001-இல் ஹவாயில் கெக் தொலைநோக்கியில் பார்த்தபோது பக்கத்திலேயே ஒரு நிலவு! அப்புறம் சிலியில் எடுத்த படங்களில் இன்னொன்று, அது 2005-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு நிலவு இருப்பதாகத் தெரிந்த முதல் சிறுகோள் இதுதான். ரோமானியக் கதையில் ரோமுலஸ், ரீமஸ் இரட்டையரின் தாய் சில்வியா, அதனால் நிலவுகளுக்கும் அதே பெயர்கள். ரீமஸ் சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி 33 மணி நேரத்தில் சுற்றி வரும், ரோமுலஸ் அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில், கிட்டத்தட்ட மூன்றரை நாளுக்கு மேல்.

நிலவு இருந்தால் என்ன லாபம் என்கிறீர்களா? எடை போடலாம். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு நேரத்தில் நிலவு சுற்றுகிறது என்று தெரிந்தால் நடுவில் இருப்பதன் நிறை வந்துவிடும், அளவு ஏற்கெனவே தெரியும், வகுத்தால் அடர்த்தி. சில்வியாவுக்கு வகுத்துப் பார்த்தால் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நம் தூணின் கருங்கல்லோ தண்ணீரைப்போல 2.7 மடங்கு. ஆக உள்ளே ஏகப்பட்ட இடைவெளி, லாரியில் கொண்டுவந்து கொட்டிய ஜல்லிக்குவியல் மாதிரி ஈர்ப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். பழைய மோதல் ஒன்றில் சிதறியது திரும்பச் சேர்ந்திருக்கலாம், சேராத துண்டுகள் நிலவுகளாக நின்றிருக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1868-இல் போக்சன் இங்கேயே கண்ட கமில்லாவுக்கும் இரண்டு நிலவுகள் இருக்கின்றன, அதற்கே தனியாக நேரம் கேட்டிருக்க வேண்டும். 1885-இல் வேரா என்ற சிறுகோளையும் அவரே கண்டார். அதன்பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, 1988-இல் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்திலிருந்து ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர், எண் 4130. காவலூர் கதையை அடுத்த முறை கூப்பிட்டால் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.