திண்ணையில் படித்த கடிதங்கள்

நடுவர் அவர்களே, மன்னார்குடி மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

போர்முனையிலிருந்து ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமா, ஊருக்கும் சொந்தமா என்பது இன்றைய தலைப்பு. ஊருக்கும் சொந்தம் என்று பேச நான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், அது ஒரு தாயின் கண்ணீர் விழுந்த காகிதம், அதை எடுத்து ஊரார் கையில் கொடுக்காதீர்கள் என்றார். நானும் கை தட்டினேன். அப்படி ஒரு காகிதக் கட்டு எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இருக்கிறது, அதனால் அவர் சொன்னது எனக்குச் சுரீரென்று பட்டது.

என் அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். 1971 பாகிஸ்தான் போர் சமயத்தில் கிழக்கு எல்லையில் இருந்தார். எந்த ஊரில் இருக்கிறார் என்று எழுதக் கூடாது, விலாசம் என்றால் 99 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் நிலைய எண், அவ்வளவுதான். எனக்கு அப்போது ஏழு வயது. பாமணியாற்றங்கரையில் எங்கள் ஊர். இன்லேண்டு லெட்டர் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், ஆனால் மாமியார் முன்னால் புருஷன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற வழக்கம் அன்றைக்கு இல்லை. அதனால் பள்ளிக்கூட வாத்தியார் சாயங்காலம் வருவார், திண்ணையில் உட்காருவார், அரிக்கேன் விளக்கு வைப்பார்கள், அதற்குள் தெருவே வந்து வாசலில் நின்றுவிடும். அவர் உரக்கத்தான் படிப்பார். அப்பாயிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினார். இன்லேண்டு லெட்டரில் இருப்பதே கொஞ்சம் இடம், அதில் பாதி விசாரிப்பு. பாம்படக் கிழவிக்கு இருமல் நின்றதா, தபால்காரர் மகள் கல்யாணம் தகைந்ததா, வாய்க்கால் மதகுக்குப் பலகை போட்டார்களா, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதா, குறுவைக்கு விதைத்த ஆடுதுறை 27 நெல் மாவுக்கு எத்தனை கலம் கண்டது, மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, சம்பாவுக்குத் தாங்குமா என்று வரிசையாகக் கேட்பார். எதிரணி நண்பர்களே, இது அம்மாவுக்கு மட்டும் எழுதிய கடிதமா? மேல் விலாசத்தில் ஒரு பெயர்தான் எழுத முடியும், அதனால் அப்பாயி பெயர் இருந்தது. உள்ளே இருந்தது தெரு முழுக்க. அன்றைக்கே ஊருக்கு வந்துவிட்ட கடிதத்தை இன்றைக்கு ஊருக்குக் கொடுக்கலாமா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சரி, அதில் ஊருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கிழக்கு வங்காளத்திலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, அந்த வருஷம் இந்தியாவுக்குள் வந்த அகதிகள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் என்று புத்தகத்தில் படிக்கிறோம். ஒரு கோடியை மனதில் எப்படி நிறுத்துவது? அப்பா எழுதியிருந்தார்: உன் வயசு இருக்கும் ஆத்தா, ஒரு அம்மா, தலையில் வேறு எதுவும் இல்லை, ஒரு மூட்டை விதைநெல் மட்டும், கீழே போடாமல் நடந்தே வந்திருக்கிறாள். வாத்தியார் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பெண்கள் அழுதார்கள். விதைநெல்லைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஊரைவிட்டுப் போகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று காவிரிப் படுகையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றில், இங்கேயும் நம்ம ஊர் மாதிரியே ஆறும் வாய்க்காலும் சேறும்தான், வரப்பில் நடந்தால் வீட்டு ஞாபகம் வருகிறது, ஆனால் பாலமெல்லாம் உடைந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தார். ஒரு டெல்டாக்காரன் இன்னொரு டெல்டாவைப் பார்த்து எழுதியது அது. எந்த அரசாங்கக் கோப்பிலும் அது கிடைக்காது.

டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணாகதி. மார்கழி பிறக்கிற சமயம். சண்டை முடிந்தது என்று ரேடியோவில் கேட்டோம். அப்பா இருக்கிறாரா என்பது பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. அதுவரை எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தத் தெருவால்தான், ஆளுக்கு ஒரு வேளை கொண்டுவந்து வைத்தார்கள். அப்படிக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காகிதத்தில் பங்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் எழுதியவை என்ன ஆயின என்று பாருங்கள். அவர்கள் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, வேண்டிய பகுதிகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்துக் குறித்துக்கொண்டார்கள். தணிக்கைக்குத் தப்ப அவர்கள் மிளகு விலை பேசுவது போல எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் நம் ஆள், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய், கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்றால் வீட்டில் புரிந்துகொள்வார்கள். இன்றைக்கு அந்தக் குறிப்புகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு வந்த மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. சந்தேகப்பட்டுப் படித்தவன் எடுத்து வைத்தது நிற்கிறது, பாசத்தோடு பெட்டியில் வைத்தது செல்லரித்துப்போனது. எனக்கு இதை நினைத்தால் ஆறுவதே இல்லை.

நமக்குச் செல் மட்டுமா? 2018 நவம்பர் 16 விடியற்காலம் கஜா புயல் வேதாரண்யத்துக்கிட்ட கரை ஏறியது. அன்றைக்கு எங்கள் ஓடு பறந்தது, பெட்டிக்குள் மழை இறங்கியது. 41 கடிதங்கள் இருந்தன. மசிப் பேனாவில் எழுதியது, கரைந்து நீலமாக ஓடிவிட்டது. வெயிலில் காயவைத்துப் பார்த்தபோது படிக்கிற மாதிரி 23தான் மிஞ்சின. எதிரணி சொல்கிற அந்த வீட்டுப் பெட்டி பத்திரமான இடம் இல்லை, ஐயா. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் மராட்டியர் காலத்தில் மோடி என்கிற பழைய மராத்தி எழுத்தில் எழுதிய ஆவணங்களைக் கட்டிக் காக்கிறார்களே, அவற்றில் வரவு செலவுக் கணக்கும் இருக்கிறது. அதை வைத்துத்தானே அன்றைய தஞ்சாவூரைத் தெரிந்துகொள்கிறோம். திருச்சியில் கார்கிலில் உயிர் கொடுத்த மேஜர் சரவணனுக்கு நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள், அது நம் கடமை. திரும்பி வந்து, பென்ஷன் வாங்கி, நாற்று விட்டு, படுக்கையில் இறந்துபோன என் அப்பா மாதிரி ஆளுக்கு அந்தக் காகிதம்தான் இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த 23இல் ஒன்று அம்மாவுக்குத் தனியாக வந்தது, வாத்தியார் படிக்காதது. அதை நானும் படித்ததில்லை. அது அம்மா தலையணை உறைக்குள் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும், அதில் எனக்கும் எதிரணிக்கும் சண்டையே இல்லை.

மீதி 22ஐ இந்தப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். நடுவர் அவர்களே, இரண்டு நிமிஷம் கொடுங்கள், பொங்கலுக்கு முன்னால் வந்த அந்தக் கடிதத்தில் விசாரிப்பை மட்டும் படிக்கிறேன். அதில் பேர் இருக்கிறவர்களில் நாலு பேர் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.